மாதப்பன் உயரத்தில் ஒரு ஸ்டியரிங்

பிறையைச் சடையில் சூடி ஓசூர் மலைமேல் அமர்ந்திருப்பவனே! படியேறி வருவோரையும், ஏற இயலாமல் அடிவாரத்தில் நின்றே கைகூப்பும் என் போன்றோரையும் ஒரே கண்ணால் நோக்குபவனே! நான் செய்த பிழையைக் குறைத்துச் சொல்லாமலும், பிறர் செய்த நன்மையை மறைத்து விடாமலும் இதை எழுதி முடிக்கத் துணை நில்.

இன்று தைப்பூசம். பூச நாண்மீனும் நிறைமதியும் கூடிய நன்னாள். ஈப்போவில் இருக்கும் நீங்கள் இந்நேரம் பால்குடத்தை இறக்கிவிட்டு அன்னதானப் பந்தலில் வரிசை பிடித்திருப்பீர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே பூசத்தன்று தோளில் ஒரு பையும் கையில் ஒரு திருநீற்றுச் சம்புடமுமாக நான் ஓசூரில் வந்து இறங்கினேன். ஒவ்வொரு பூசத்துக்கும் உங்களுக்கு ஏதேனும் எழுதி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு இவ்வூர்ப் பனியைப் பற்றி எழுதினேன். இவ்வாண்டு ஒரு வண்டியின் கழுத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

1

என்னைப் புதிதாகப் படிப்போருக்காக இரண்டு வரி. மலேசியாவில் ரப்பர்த் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மாலை வேளைகளில் தோட்டத்துக் கோயிலில் பதிகம் பாடுவேன். மனைவி மறைந்தபின், ஓசூரில் வாழ்க்கைப்பட்ட என் மகள் மங்கை, "அங்க தனியா என்னப்பா பண்றீங்க, கெளம்பி வாங்க" என்றாள். வந்தேன்.

நம் முன்னோர் கப்பலேறிப் போன திசைக்கு எதிர்த்திசையில் வந்தவன் நான். ஆகவே பிறந்த நாட்டிலிருந்து பூர்வீக நாட்டுக்குப் புலம்பெயர்ந்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்வேன். கேட்பவர்கள் குழம்புவார்கள்.

மகள் வீடு பாகலூர் சாலையில் இருக்கிறது. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு மணி அடித்து ஆள் கூட்டுவார்களே, இங்கே அதற்கு ஈடாகத் தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறது. ஒரு சாரார் உறங்கப் போகும் நேரத்தில் மறு சாரார் எழுந்து போகிறார்கள். மருமகன் முனிராஜுக்குத் தொழிற்சாலை வேலை இல்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரோஜா வாங்கிப் பெங்களூரு வியாபாரிகளுக்கு அனுப்புகிறார். அதற்கென ஒரு பிக்கப் வண்டி உண்டு. வயது பன்னிரண்டு. அதை ஓட்டுபவர் தொரப்பள்ளியைச் சேர்ந்த மாதப்பன். நாற்பதை எட்டியவர்; உயரம் மட்டும் என் தோளை எட்டாது.

முனிராஜோ வாசற்படியில் தலை குனிந்து நுழைபவர். ஓட்டுநர் வராத நாளில் அவரே ஓட்டுவார். இருவருக்கும் ஒரே வண்டி எப்படிப் பொருந்தியது என்றால், ஸ்டியரிங்கின் கீழே ஒரு லிவர் இருந்தது. அதை இழுத்தால் ஸ்டியரிங் சக்கரம், தன்னைத் தாங்கும் கழுத்தோடு மேலும் கீழும் சாயும். விட்டால் அந்த இடத்திலேயே நின்றுகொள்ளும். முனிராஜ் ஏறினால் சக்கரம் உயரும். மாதப்பன் ஏறினால் தாழும்.

2

இங்கே எனக்கு வேலை ஏதும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை; உள்ளதைச் சொல்கிறேன். மொழியும் முதலில் கைகொடுக்கவில்லை. காலையில் எதிர்ப்பட்டவரிடம் நம் வழக்கப்படி "பசியாறியாச்சா?" என்று கேட்டால், நான் சாப்பாடு கேட்கிறேன் என்று எண்ணி ஓர் அம்மாள் இட்லி கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் நாம் வண்டியைக் 'காடி' என்போமே, இங்குள்ள கன்னடக்காரர்களும் காடி என்றே சொல்லக் கேட்டபோது, கடல் கடந்து தெரிந்தவர் ஒருவரைச் சந்தித்த மகிழ்ச்சி உண்டாயிற்று. பேத்தி வீட்டில் தமிழும், தோழியரிடம் கன்னடமும், தெலுங்குக் கடைக்காரரிடம் தெலுங்கும் பேசுகிறாள். என்னோடு அமர்ந்து பதிகம் பாடியவள், இப்போது, "தாத்தா, இதையே ரெண்டு மடங்கு வேகத்துல பாடுங்களேன்" என்கிறாள். அவள் கைப்பேசியில் எல்லாம் அவ்வாறுதான் ஓடுகின்றனவாம்.

ஆண்டுதோறும் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும். படிவத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. சென்ற முறை அதை வெறுமையாக விட்டிருந்தேன். மேசைக்கு அப்பால் இருந்த அலுவலர் இளையவர், பண்புள்ளவர். "பெரியவரே, இங்க என்ன பண்றீங்கன்னு ஏதாச்சும் எழுதணுமே?" என்றார்.

"ஒண்ணும் பண்றதில்லீங்க" என்றேன்.

"சரி, 'இல்லை'ன்னு எழுதிடுங்க."

எழுதினேன். திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் ஒன்று செய்துகொண்டுதான் இருந்தேன். அதை வேலை என்று எண்ணியதில்லை. காலை ஐந்தரைக்கு வண்டி புறப்படுமுன் குளித்துச் சம்புடத்தோடு வாசலுக்குப் போவேன். பதிகத்தில் ஒரு பாட்டு பாடி, சந்தனம் கரைத்த நீரைத் தெளித்து, ஸ்டியரிங்குக்குத் திருநீறு இடுவேன். மாதப்பன் கைகட்டி நிற்பார். பாட்டு முடிந்ததும், "வரேன் சாமி" என்று ஏறிப் போவார். ஆயுத பூசையன்று எல்லாரும் வண்டிக்குச் செய்வதை நான் நாள்தோறும் செய்தேன், அவ்வளவே.

முதல் நாள் சக்கரத்தின் நடுவே முப்பட்டையாக அழுத்திப் பூசினேன். அங்கேதான் ஹாரன் இருக்கிறதென்பதை மறந்தேன். தெருவே அலறியது. எதிர்வீட்டுத் தொழிலாளி கதவைத் திறந்து, "பெரியவரே, இப்பத்தான் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தேன்! சாமிக்குக் காது கேக்குமுங்க, மெதுவாவே கும்பிடுங்க" என்றார். மறுநாள் முதல் யார் உறக்கத்துக்கும் இடையூறு இல்லாத ஓரிடம் தேர்ந்தேன். சக்கரத்துக்குப் பின்னால், தண்டு நுழையும் கழுத்து. அங்கே ஓர் இடுக்கு இருந்தது. திருநீறு அழகாகத் தங்கும்.

3

சென்ற வாரம் புதன்கிழமை. காதலர் நாளுக்கு இரண்டு வாரமே இருந்தது. அந்த நாளின் தத்துவம் எனக்கு விளங்கவில்லை ஆயினும், ஓசூர் வட்டாரத்து ரோஜாத் தோட்டங்கள் யாவும் அதற்காகவே மூச்சு விடுகின்றன என்பதை அறிவேன்.

தேன்கனிக்கோட்டைச் சாலையில் ஒரு வேகத்தடை மேல் ஏறி இறங்கியபோது ஸ்டியரிங் தடாலென்று மாதப்பனின் தொடைமேல் விழுந்தது. அதைப் பிடித்து உயர்த்தியபடியே ஓரம் கட்டியிருக்கிறார். பிறகு ஒரு கயிற்றால் சக்கரத்தின் கழுத்தை மேலே இழுத்துக் கட்டி, எருமை நடையில் வீடு கொண்டுவந்து சேர்த்தார். பூவெல்லாம் வாடியிருந்தது.

முனிராஜ் வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங்கப் புடிச்சுத் தொங்காதன்னு எத்தன வாட்டி சொல்லிருக்கேன்? கதவுகிட்ட கைப்பிடின்னு ஒண்ணு இருக்குதே, அது என்ன அழகுக்கா?"

"தொங்குனது நெசந்தாண்ணா. கைப்பிடி எட்டல. இது எட்டுச்சு."

"இன்னிக்கித் தொட மேல விழுந்துச்சு. நாளைக்கி லாரிக்கு அடில கொண்டுபோயி உட்டிருந்தா? உன் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்றதா?"

மாதப்பன் என்னை ஒரு முறை பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல் இருந்தது. பிறகு சாவியை எடுத்து மதில்மேல் வைத்தார்.

"வேற ஆளப் பாத்துக்குங்கண்ணா. நல்ல ஒசரமா பாத்துக்குங்க."

நடந்தே பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். மங்கை பின்னால் ஓடி, "மாதப்பாண்ணா, டீயாச்சும் குடிச்சிட்டுப் போங்க" என்று அழைத்தாள். திரும்பவில்லை. ஒன்பது ஆண்டு ஓட்டிய வண்டியை அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

4

இராயக்கோட்டைச் சாலையில் வெங்கடேசு என்பவரின் பட்டறை. மறுநாள் முனிராஜோடு நானும் போனேன். வீட்டில் இருந்தால் மங்கையின் வாடிய முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

முனிராஜ் இறங்கியதும் சொன்னார்: "வெங்கடேசு, பிரிச்சுக்கிரிச்சு உக்காராத. என் ஒசரத்துக்கு நிக்க வெச்சு ஒரு வெல்டிங் அடிச்சு உட்ரு. இனி நாந்தான் ஓட்டப் போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த உயரத்தில் சக்கரம் ஒட்டிக்கொண்டால் மாதப்பன் அந்த இருக்கையில் இனி உட்காரவே முடியாது. கோபம் ஆறினாலும் அழைக்க வழியிராது.

வெங்கடேசு வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "வெல்டிங்கா? தேவுடா! சூட்டுல உள்ள இருக்குற பிளாஸ்டிக் எல்லாம் உருகிரும்ணா. அப்பறம் மொத்தமா ஆடும். எஃப்.சி. சோதனைக்குக் கொண்டுபோனா பாத்த ஒடனே திருப்பி அனுப்புவாங்க."

"ரோஜா காத்துனு இருக்குமா?"

"ரோஜா காத்துனு இருக்காது. அக்கா காத்துனு இருப்பாங்க இல்ல, நீங்க முழுசா வரணும்னு? மொதல்ல தொறந்து பாப்போம்."

பேட்டரி இணைப்பைக் கழற்றினார். சக்கரத்தை நேராக நிறுத்தித் தண்டின் மேலும் இணைப்பின் மேலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு கிழித்தார். மீண்டும் பூட்டும்போது ஒரு பல்லும் மாறிவிடக் கூடாதென்று விளக்கினார். மூடியைப் பிரித்து, போல்ட்டுகளைத் தளர்த்தி, முழுக் கழுத்தையும் இறக்கிச் சாக்கின்மேல் கிடத்தினார். நோயாளியைக் கிடத்துவதுபோல் அவ்வளவு பதமாக.

உள்ளே பல் வைத்த இரண்டு இரும்புத் துண்டுகள். ஒன்றை ஒன்று கவ்வினால் சக்கரம் நிற்கும். லிவரை இழுத்தால் விலகும். விட்டால் ஒரு ஸ்பிரிங் அவற்றை மீண்டும் கவ்வ வைக்கும். இதுதான் அதன் மர்மம். ஆனால் பற்களே தெரியவில்லை. இடையெல்லாம் சாம்பல் நிறத்தில் ஏதோ கெட்டியாக இறுகியிருந்தது.

வெங்கடேசு திருப்புளியால் சுரண்டினார். "என்னாண்ணா இது, சிமெண்ட் மாதிரி? பல்லு எறங்கறதுக்கு எடமே இல்ல. முனையில மட்டும் தொத்திக்கினு இருந்திருக்குது. அதான் தேஞ்சு வழுக்கிருச்சு. தண்ணி வேற எறங்கி ஸ்பிரிங்கெல்லாம் துரு."

முனிராஜ் எட்டிப் பார்த்தார். "சுண்ணாம்பு. தோட்டத்துக்கு மூட்ட ஏத்தினான் இல்ல, மாதப்பன்? கையக் கழுவாம அப்பிடியே ஓட்டிருப்பான். பாத்தியா, இதுவும் அவன் வேலதான்."

"இருக்கும்" என்றார் வெங்கடேசு.

சுரண்டிய துகள் ஒன்று என் கைமேல் விழுந்தது. இரு விரலால் தேய்த்தேன். மசகெண்ணெய் நாற்றத்தினூடே மெல்லச் சந்தனம் மணந்தது.

அன்பர்களே, அந்தக் கணத்தில் நான் பேசாதிருந்திருக்கலாம். சுண்ணாம்பு என்று இருவர் தீர்ப்புச் சொல்லியாயிற்று. நான் மருமகன் வீட்டில் உண்டு, மருமகன் கூரையின்கீழ் உறங்குபவன். வாடிப்போன பூவுக்கும் நின்றுபோன வண்டிக்கும் இந்தக் கிழவனே காரணம் என்று தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று அஞ்சினேன். ஆறு ஆண்டுகளாக அந்த வாசலில் பொய் கடிந்து, மெய்யே துணையென்று பாடியிருக்கிறேன். பாடிய வாயே அப்போது மூடிக்கொள்ளப் பார்த்தது.

"மாப்பிள்ள" என்றேன். "அது சுண்ணாம்பு இல்ல. திருநீறு. நான் வெச்சது."

வெங்கடேசுதான் முதலில் சிரித்தார். "இத்தன வருசத்துல ஸ்டியரிங்குக்குள்ள எலி பாத்திருக்கேன், கொளவிக் கூடு பாத்திருக்கேன். சாமியே எறங்கி வந்து குடியிருக்கறத இப்பத்தான் பாக்கறேன்!"

முனிராஜ் சிரிக்கவில்லை. "மாமா, தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம தவிர."

"ஞாயிறு மட்டும் ஏன் உட்டீங்க?"

"அன்னிக்கி காடி போகாதே."

அவர் உதடு துடித்தது. சிரிப்பு வெடிக்கப் போகிறது என்று எண்ணினேன். மாறாக, இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அங்கிருந்த பழைய டயர்மேல் அமர்ந்துவிட்டார். "அவன என்னென்னமோ பேசிட்டேனே மாமா. பொண்டாட்டிய வேற இழுத்துப் பேசிட்டேன்."

என்னை ஒரு சொல் கடியவில்லை. கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வெங்கடேசு திருப்புளியைத் துடைத்தபடி கேட்டார். "அப்ப, வெல்டிங்?"

"வேணாம். ஏறவும் எறங்கவும் ஆகணும். கீழ வரைக்கும் வரணும்" என்றார் முனிராஜ்.

இதே வகை வண்டி ஒன்று பழைய இரும்புக் கடையில் பிரித்துக் கிடந்தது. அதன் பல் துண்டுகள் தேயாமல் இருக்கின்றனவா என்று வெங்கடேசு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்துவந்தார். ஸ்பிரிங் மட்டும் புதிது. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவி, வெள்ளைக் கோட்டோடு கோடு சேர்த்துப் பூட்டினார். கழுத்தின் இடுக்கை மறைக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தது, அதையும் மாற்றினார். பிறகு ஸ்டியரிங் சக்கரத்தைப் பற்றித் தன் முழு எடையோடும் தொங்கினார். அசையவில்லை. மேலே, நடுவே, கீழே என எல்லா நிலையிலும் தொங்கிக் காட்டினார்.

கழுவிய மண்ணெண்ணெயின் அடியில் திருநீறு படிந்திருந்தது. "இத எங்க கொட்டறது சாமி? கால் படற எடத்துல கொட்டக் கூடாதில்ல?" என்றார். தாமே போய்ப் பட்டறைக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தடியில் தள்ளி ஊற்றிவிட்டு வந்தார்.

5

சனிக்கிழமை காலை அந்த வண்டியிலேயே தொரப்பள்ளிக்குப் போனோம். மாதப்பன் மாட்டுக்குக் கேழ்வரகுத் தட்டை போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தார்: "வாங்க வாங்க! மூணு நாளா ஊட்ல குந்திக்கினு என் உசுர எடுக்கறாரு. மாட்டுக்கு ரிவர்ஸ் சொல்லித் தர்றாரு. கூட்டினு போங்க மொதல்ல!"

முனிராஜ் பேசத் தொடங்குமுன் நான் முந்திக்கொண்டேன். "மாதப்பா, தப்பு என்னோடது. நான் வெச்ச திருநீறுதான் உள்ள போயி அடைச்சிருக்கு. நீங்க பழி சுமந்துட்டீங்க."

மாதப்பன் தரையைப் பார்த்தார். "தெரியுங்க சாமி."

"தெரியுமா?" என்று நானும் முனிராஜும் ஒரே குரலில் கேட்டோம்.

"ஒரு மாசமாவே லிவர இழுத்தா மாவு அரைக்கிற மாதிரி நறநறங்கும். வெள்ளையா கொட்டும். நான் துணில தொடச்சுக்கினே இருந்தேன். இம்மாஞ் சீக்கிரம் வுழும்னு நெனைக்கல."

முனிராஜுக்குக் கோபமும் தாங்கவில்லை, வியப்பும் தாங்கவில்லை. "அடப்பாவி! ஆடுதுண்ணான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா? உசுரு போயிருந்தா?"

"அது தப்புதாண்ணா. சொல்லிருக்கணும்." கையை மீண்டும் துடைத்துக்கொண்டார். "சொன்னா தொறந்து பாப்பீங்க. தொறந்தா விபூதி வரும். வந்தா ஐயாவ இனி வெக்க வேணாம்னு சொல்லிருவீங்க. பாவம், கடல் தாண்டி வந்தவரு. வெடியக்காத்தால இம்மாம் பனியில குளிச்சிட்டு வந்து நிக்கறாரு. இந்த ஊர்ல அவருக்குன்னு இருக்கற ஒரே வேல அது. அதையும் நானே போயி புடுங்கறதா?"

நான் குனிந்து, சிதறிக் கிடந்த தட்டையை அள்ளி மாட்டின் முன் போட்டேன்.

முனிராஜ் அவர் தோளில் கை வைத்தார். "பேசுனதெல்லாம் மனசுல வெச்சுக்காதடா. நாளன்னிக்கி வந்துரு. இனி வண்டில ஊசி ஆடுனாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லணும்."

"சொல்றேண்ணா. நீங்களும் ஒரு படி வெச்சுக் குடுங்க, தொங்காம ஏறுறேன்."

அன்று மாலையே வெங்கடேசு கதவுக்குக் கீழே ஒரு கால்படி பொருத்திக் கொடுத்தார்.

6

இந்த வாரத் திங்கட்கிழமை ஐந்தரை மணிக்குச் சம்புடத்தோடு வாசலுக்குப் போனேன். உண்மையில் போகத் தயங்கினேன். "போங்கப்பா, அவரு நிக்கறாரு" என்று மங்கைதான் அனுப்பினாள்.

பனிக்குல்லாயோடு மாதப்பன் நின்றார். ஒரு பாட்டுப் பாடினேன். பாட்டு முடிந்ததும் விரல்களில் திருநீற்றை எடுத்துவிட்டு எங்கே இடுவதென்று தெரியாமல் நின்றேன். ஹாரனும் ஆகாது, கழுத்தும் ஆகாது.

மாதப்பன் குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். "வண்டிக்கு வெக்கறத எனக்கு வெச்சு உடுங்க சாமி. என் நெத்தில இருந்து எந்த ஸ்பிரிங்கும் துருப்புடிக்காது."

இட்டேன். புதுப் படியில் கால் வைத்து ஏறினார், சக்கரத்தைத் தொடவில்லை. அமர்ந்து லிவரை இழுத்தார். ஸ்டியரிங் ஓசையின்றித் தாழ்ந்து அவர் நெஞ்சுக்கு நேரே வந்து, 'டக்' என்று கவ்வி நின்றது. "வரேன் சாமி" என்றார். பனிக்குள் பின்விளக்குச் சிவப்பு மறையும்வரை பார்த்திருந்தேன்.

அனுமதிப் படிவம் அடுத்த மாதம் மீண்டும் வரும். 'தொழில்' என்னும் கட்டத்தில் எழுத அலுவலர் ஏற்கும் சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும் காலை ஐந்தரைக்கு ஒருவர் குல்லாயைக் கழற்றி என்னை எதிர்பார்த்து நிற்கிறார். ஆகவே 'இல்லை' என்று மட்டும் இனி எழுத மாட்டேன்.

இதைப் படிக்கும் நீங்கள் எந்த நாட்டு வாசலில் நின்றாலும், உங்கள் வரவை எதிர்பார்த்து ஒரு நெற்றி குனியட்டும். உங்கள் பிழையைப் பொறுத்து மறைத்த அன்பர் ஒருவர் உண்டெனில், அவரை நீங்கள் காலத்தே அறிந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டிகள் பழுதின்றி ஓடட்டும். உங்கள் மக்கள் எம்மொழி பேசினும் இனிது பேசட்டும். பிறைசூடிய பெருமான் உங்கள் அனைவரையும் குறைவின்றிக் காத்தருள்க.